கண்ணளவு

அந்த அம்மா முதலில் பார்த்தது என் தோளைத்தான். கடைக்குள் திரை போட்ட சின்ன அறை, ஆள் உயரக் கண்ணாடி, ஒரு முக்காலி, சுவரில் இரண்டு கொக்கிகள். மேல்சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் குறுக்கே கட்டிக்கொண்டு நின்றேன். பிள்ளை பெற்றபோதுகூட இவ்வளவு வெட்கப்பட்டதில்லை. கழுத்தில் துணி டேப்பைத் தொங்கவிட்டிருந்த அந்த அம்மாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் வலது தோள் மேலிருந்த பட்டையை ஒரு விரலால் தூக்கி, அடியில் விழுந்திருந்த பள்ளத்தைப் பார்த்தார். பிறகு இடது பக்கமும் பார்த்தார். "எத்தன வருஷமா இந்த சைஸ் போடுறீங்க?" என்றார். "முப்பத்தாறு எனக்குச் சரியாத்தாம்மா இருக்கு, கைதான் மரத்துப்போகுது" என்றேன். கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தம் இல்லை என்பது எனக்கே தெரிந்தது.

எனக்கு வேலை மருத்துவமனைச் சலவைக் கூடத்தில். துவைத்த விரிப்பை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்துச் சூடான உருளைக்குள் விடவேண்டும். பதினோரு வருடமாக அதைத்தான் செய்கிறேன். நான்கு மாதமாக வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் சொல்லாமல் கொள்ளாமல் மரத்துவிடுகின்றன. போன மாதம் விரல் நுனி உருளைக்கு அருகில் போனதே எனக்குத் தெரியவில்லை. எதிரே நின்ற இஸ்திரி அக்கா கத்திக்கொண்டே விரிப்போடு சேர்த்து என்னை இழுத்துவிட்டாள். இன்னொரு முறை இப்படி ஆனால் உருளைப் பக்கமே வரவேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்னார். உருளைப் பக்கம் வராதவளுக்கு அந்தக் கூடத்தில் வேறு என்ன வேலை இருக்கிறது என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிசியோதெரபி பார்க்கும் பெண், என் மகள் வயதுதான் இருக்கும், கழுத்தையும் தோளையும் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, கையில ஒண்ணும் இல்ல. பாரம் முழுக்கத் தோள்ல தொங்குது, நரம்பை அமுக்குது. பிரா அளவெடுத்துக் குடுக்கிற கடை ஒண்ணு இருக்கு, அங்க போங்க" என்று மருந்துச் சீட்டிலேயே கடை விலாசத்தை எழுதிக் கொடுத்தாள். அந்தச் சீட்டைப் படித்த இஸ்திரி அக்கா சிரித்து ஓய்வதற்குள் ஆறு விரிப்பு போய்விட்டது.

"கையைத் தொங்கப் போடுங்க. மூச்சை விடுங்க. பிடிச்சு வைக்காதீங்க" என்றார் அந்த அம்மா. டேப்பை மார்புக்குக் கீழே சுற்றி இறுக்கினார். பிறகு மார்பின் மேல் சுற்றினார், அப்போது இறுக்கவில்லை. கொஞ்சம் முன்னால் குனியச் சொல்லி இன்னொரு முறை அளந்தார். சின்ன நோட்டில் எழுதிக்கொண்டு, "சுத்தளவு முப்பத்திரண்டு. கப்பு, நீங்க போடுறதுக்கு ரெண்டு எழுத்து தள்ளி" என்றார்.

"முப்பத்திரண்டா? கல்யாணப் பொண்ணா இருந்தப்பவே எனக்கு முப்பத்திநாலும்மா."

"அப்ப நீங்க முப்பதா இருந்திருப்பீங்க" என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். "பட்டை லூசா இருக்கு. முதுகுல பாருங்க, மேல ஏறி நிக்குது. கீழ பிடிக்க வேண்டியது பிடிக்கல, அதான் தோள் சுமக்குது. இந்த நம்பர் யார் சொன்னது? பாதிப் பேருக்கு அம்மா சொன்ன நம்பர், மீதிப் பேருக்குக் கடைக்காரர் சொன்ன நம்பர்."

"நானேதான்" என்றேன். கூச்சமே இல்லாமல் பொய் வந்தது.

சொன்னது என் வீட்டுக்காரர். மர வேலை செய்பவர். வேலையிடத்தில் அவருக்குக் கண்ணளவு என்றே பெயர். ஜன்னலைத் தெருவில் நின்று பார்த்தே அகலம் சொல்லுவார். மற்றவர்கள் டேப்பை இழுத்துப் பார்த்துவிட்டு, சரிதான் என்று தலையாட்டுவார்கள். கல்யாணமான ஐந்தாம் நாள் வெளியே போய்விட்டு ஒரு காகிதப் பொட்டலத்தோடு வந்தார். பிரித்தால் இரண்டு பாடிகள், வெள்ளையில் ஒன்று, சந்தன நிறத்தில் ஒன்று. அதுவரை நான் அக்கா போட்டுப் பழசானதைத்தான் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கென்று ஒரு நம்பர் உண்டு என்பதே தெரியாது. புது மாப்பிள்ளை ஆண்கள் நிற்கும் கடையில் போய், நாலு பேர் பார்க்க அதை வாங்கி வந்திருக்கிறார். "கேக்கவே இல்ல, கண்ணால பாத்தே சொல்லிட்டேன், முப்பத்திநாலுன்னு. சரியா இருக்கா?" என்று கதவோரம் நின்று சிரித்தார். நான் போட்டுப் பார்த்தேன். கொக்கியைக் கடைசி வரை உள்ளே இழுத்துப் போட்டும் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. சரியா இருக்கு என்று சொன்னேன். எனக்கென்றே ஒருவர் வாங்கிவந்த முதல் துணி அது. அதை எப்படித் தப்பு என்பது? பிள்ளை பிறந்த பிறகு அவரே இரண்டு கூட்டி முப்பத்தாறு ஆக்கினார். வருடத்துக்கு மூன்று என்று இருபத்திரண்டு வருடமாக வாங்கிவருகிறார். வருடா வருடம் சரியா இருக்கா என்று கேட்பார், நானும் வருடா வருடம் சரியா இருக்கு என்பேன்.

அந்த அம்மா ஐந்தாறு கொண்டுவந்து மாற்றி மாற்றிப் போடவைத்தார். நான்காவதைப் போட்டு, கப்புக்குள் கையை விட்டுப் பக்கத்துச் சதையை முன்னால் கொண்டுவரச் சொன்னார். பட்டையைச் சுருக்கினார். "இப்பக் கையைத் தூக்குங்க." தூக்கினேன். எதுவும் மேலே ஏறவில்லை. தோளில் என்னவோ குறைந்தது. இரண்டு பக்கமும் யாரோ இத்தனை வருடம் கை வைத்து அழுத்திக்கொண்டிருந்துவிட்டு, இப்போதுதான் எடுத்துக்கொண்டது மாதிரி இருந்தது. எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் திரையைப் பார்த்து முறைத்தேன். "புதுசை வெளிக்கொக்கில போடுங்க" என்றார் அந்த அம்மா. "துணி தளரத் தளர உள்கொக்கிக்கு வாங்க. முதல் நாளே உள்கொக்கில போட்டா அது உங்க அளவே இல்ல." நான் முதல் நாளிலிருந்து உள்கொக்கிதான் என்பதை அவரிடம் எதற்குச் சொல்ல.

இரண்டு வாங்கி, சாப்பாட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். அவர் ஜன்னல் முன்னால் நின்றுகொண்டிருந்தார். "நாப்பத்தி ஏழரை" என்றார், என்னிடம் இல்லை, ஜன்னலிடம். பிறகு டேப்பை இழுத்து அளந்தார். "ஏழரை. சரியா இருக்கு." முகத்தில் ஒரு சிரிப்பு வந்து உடனே போய்விட்டது. மூன்று வாரமாக வீட்டில் இதுதான் நடக்கிறது. ஒரு வீட்டு அலமாரிக்கு நான்கு கதவு வெட்டினார், நான்கும் அரை இஞ்ச் குறைந்துவிட்டது. "இனிமே டேப் வச்சு அளந்து, எழுதி, எங்கிட்டக் காட்டிட்டு வெட்டுங்க" என்று மேஸ்திரி எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை, குளியலறைக் கதவு, கட்டில், மகள் வெளியூருக்குப் படிக்கப் போனதிலிருந்து பூட்டிக் கிடக்கும் அவள் பெட்டி, எதையும் விடவில்லை. வாயால் சொல்லுவார், பிறகு அளப்பார். சரியாக வந்த நாளில் சோறு இறங்கும். தப்பாக வந்தால் தட்டில் கோடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த மனிதரிடம் போய், ஐயா, நீங்கள் முதன்முதலில் சொன்ன அளவே தப்பு என்று எப்படிச் சொல்வேன்?

அதனால் திருட்டுத்தனத்தில் இறங்கினேன். காலையில் பழையதைப் போட்டுக்கொண்டு கிளம்பி, வேலையிடத்துக் கழிப்பறையில் புதியதற்கு மாறினேன். சாயங்காலம் மறுபடி பழையது. துவைப்பதும் அங்கேயே, காயப்போடுவதும் கொதிகலன் குழாய் மேல். "புருஷனுக்குத் தெரியாம ஆளை ஒளிச்சு வைக்கிறவளைப் பாத்திருக்கேன்" என்றாள் இஸ்திரி அக்கா. "பாடியை ஒளிச்சு வைக்கிறவ நீ ஒருத்திதான்டி." சிரித்தேன், ஆனால் மனசு நிலைகொள்ளவில்லை. உருளை முன்னால் நிற்கும் எட்டு மணி நேரமும் விரல்கள் என் விரல்களாக இருந்தன. வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்தில் சுண்டு விரல் காணாமல் போகும். இரண்டாம் நாள் சாயங்காலம் கையிலிருந்து தட்டு விழுந்தது. அவர் திரும்பிப் பார்த்து, "கை இன்னும் சரியாகலையா? நல்ல டாக்டரா பாரு" என்றார். அந்த அக்கறை எனக்கு எரிச்சலாக இருந்தது. எரிச்சல்பட்டதை நினைத்துப் பிறகு வருத்தமாகவும் இருந்தது.

நான்காம் நாள் பஸ் முன்னாலேயே வந்துவிட்டது. ஓடிப்போய் ஏறி, பாதி வழியில்தான் மாற்றவில்லை என்பது உறைத்தது. போனதும் நேராகக் குளியலறைக்குள் நுழைந்துவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் அவர் அன்று சீக்கிரம் வந்து, கதவுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காதில் பென்சில், மடியில் இரும்பு டேப். வெயில் இன்னும் போகவில்லை, வாசல் வெளிச்சம் முழுக்க என் மேல்தான் விழுந்தது.

"நில்லு" என்றார். "அங்கயே நில்லு."

நின்றேன். ஒரு கண்ணைச் சுருக்கி, என்னையும் கதவு நிலையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். தாழ்ப்பாளைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார்.

"செருப்பு புதுசா?"

"இல்ல, பழசுதான்."

"கழட்டு." கழற்றினேன். மறுபடி பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்லத் தொய்ந்துவிட்டது. "முக்கால் இஞ்ச் உசந்திருக்க மாதிரி தெரியுது" என்றார். "தினம் பாக்கிற உன்னையே தப்பாக் காட்டுது. கண்ணு போயிடுச்சு, அவ்வளவுதான். மேஸ்திரி சொன்னதுல தப்பு இல்ல."

டேப்பை எடுக்கவில்லை. எடுத்தும் பயனில்லை. போன வாரம் நான் எவ்வளவு உயரம் என்று எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை. அவர் கண் சொன்னது சரி என்று சொல்ல இந்த உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன். கூன் விழுந்த தோள் நிமிர்ந்துவிட்டது, மருத்துவமனைக் கண்ணாடியில் நானே பார்த்தேன். சும்மா இருந்தால் கண் போய்விட்டது என்று நம்பிவிடுவார். போகவில்லை என்று சொல்ல வேண்டுமானால் முப்பத்திநாலையும் சொல்லியாக வேண்டும். உள்ளே போய்விடு என்று கால் சொன்னது. போகவில்லை.

"உங்க கண்ணு சரியாத்தான் இருக்கு" என்றேன். "நான் நிமிந்துட்டேன், அதான்." பையைத் திறந்து, புதிதாக வாங்கிய இரண்டில் இன்னொன்றை எடுத்து அவர் மடியில் வைத்தேன். தோள் பட்டையில் நம்பர் அச்சடித்திருந்த அட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பிசியோ பெண் சொன்னதையும், கடைக்குப் போனதையும், மூன்று நாள் திருட்டையும் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

அட்டையை வெகுநேரம் படித்தார். "முப்பத்திரண்டு."

"ஆமா."

"அப்ப அந்த முப்பத்திநாலு?"

"கொக்கியை உள்ள இழுத்துப் போட்டுக்குவேன்."

"மொதல்லேர்ந்தேவா?"

"மொதல்லேர்ந்தே."

"சரியா இருக்கான்னு கேட்டேனே. ஒவ்வொரு தடவையும் கேட்டேனே."

"கேட்டீங்க. சிரிச்சுக்கிட்டே கேட்டீங்க" என்றேன். நிறுத்த முடியவில்லை. "அந்தச் சிரிப்புக்கு நான் என்ன சொல்லியிருக்கணும், நீங்களே சொல்லுங்க."

அவர் எழுந்தார். மடியிலிருந்த டேப் தரையில் விழுந்து, இழுத்து விட்டிருந்த நாக்கு சர்ரென்று உள்ளே ஓடியது. அதை அவர் பார்க்கவில்லை. பக்கத்தில் வந்து என் சட்டைக் கழுத்தை ஒதுக்கினார், புதுப் பட்டையைத் தள்ளினார். பலகையில் காடிப் பள்ளம் வெட்டி முடித்ததும் கட்டைவிரலை வைத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட்டிப் பார்ப்பார், ஆழம் ஒரே சீராக இருக்கிறதா என்று. அதே விரலை என் தோள் பள்ளத்தில் வைத்தார். முன்னாலிருந்து பின்னால் வரை மெதுவாக ஓட்டினார். விரல் அதில் சரியாக உட்கார்ந்தது. ஓட்டி முடித்ததும் எத்தனை என்று சொல்லுவார், அது அவர் பழக்கம். நான் காத்திருந்தேன். உதடு அசைந்தது, நம்பர் வரவில்லை. விரலை எடுக்காமல் மறுபடி முதலிலிருந்து ஓட்டினார்.