வில்மார் விற்ற விமானம்

வில்மாரிடம் விமானம் வாங்காதே என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. உருகுவேயின் பாய்சாந்து நகரில், மாதிரி விமானம் பறக்கவிடும் எங்கள் சங்கத்தில் இருபது பேர். ஞாயிறுதோறும் ஒரே குடுவை மாத்தே மூலிகைத் தேநீரை, ஒரே உறிஞ்சுகுழலில், கைமாற்றிக் கைமாற்றிக் குடிப்போம்.

வாங்கிய முதல் ஞாயிறே அது காலை வாரியது. தரையில் எஞ்சின் நன்றாகத்தான் உறுமியது. மூக்கைத் தூக்கி மேலே ஏற்றியதும் சத்தம் கீச்சென்று மெலிந்து, சட்டென நின்றுபோனது. சங்கத்து எல்பியோவின் மகள் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி வந்து விழுந்தது விமானம். அவள் நிறைமாத கர்ப்பிணி. கையிலிருந்த இடுக்கியைப் போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்கிட்ட ரெண்டு வருஷம் இருந்துச்சு, ஒரு தடவ நின்னதில்ல," என்றார் வில்மார். "எரிபொருள் ஊசியத் திருகத் தெரியணும் ஒடிலியா. நீ ஆஸ்பத்திரில குத்துற ஊசி வேற, இது வேற."

எல்லோரும் சிரித்தார்கள். வெட்கத்தில் நானும் சிரித்துத் தொலைத்தேன். ஒரு மாதம் விமானம் பறக்கவிடக் கூடாது என்று சங்கம் எனக்குத் தடை போட்டது.

வீட்டில் ஒடிந்த இறக்கையை ஒட்டிவிட்டு, விமானத்தைத் தாங்கியில் கட்டி எஞ்சினை ஓட்டிப் பார்த்தேன். எரிபொருள் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசியை அரைச் சுற்று திறந்தேன், மூடினேன். பிளக்கை மாற்றினேன். வடிகட்டியைக் கழுவினேன். மட்டமாக இருக்கும்வரை ஓடியது. மூக்கைத் தூக்கினால் செத்தது. எரிபொருள் போகும் குழாயில் பாசிமணி கோத்ததுபோல் காற்றுக்குமிழிகள். கோளாறு டேங்கில்தான் என்று புரிந்தது.

டேங்கைக் கழற்றி, குழாய்களை அடைத்து, வாளித் தண்ணீரில் அமுக்கி, சிரிஞ்சால் காற்றடித்தேன். பின்மூலையில் குபுகுபுவென்று குமிழி. மூடியைத் திறந்ததும், எரிபொருளில் கலக்கிற ஆமணக்கெண்ணெய் காறிப்போன நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. சீழும் புண்ணும் தினம் பார்க்கிறவள் நான், நானே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே சளிபோலப் பழுப்புப் பிசின். பின்மூலையில் நீளமான விரிசல். அதன்மேல் உள்பக்கமாக அப்பியிருந்தது, யாரோ மென்று துப்பிய பபிள்கம். பல் பதிந்த தடம்கூட அழியவில்லை. அதிலிருந்து பிய்ந்த ஒரு துண்டு, எரிபொருளை உறிஞ்சி எஞ்சினுக்கு அனுப்பும் குழாயின் முனையை முன்பக்கமாக ஒட்டிப் பிடித்து வைத்திருந்தது. மூக்கு தூக்கினால் எரிபொருள் பின்னால் ஓடும்; முனை காற்றைக் குடிக்கும்.

கையை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினேன்.

அடுத்த ஞாயிறு டேங்கைச் சங்கத்து மேசையில் வைத்தேன்.

"இது என்னங்க?"

வில்மார் எட்டிப் பார்த்தார். கொஞ்சமாவது முகம் மாற வேண்டாமா? "அட, இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்கா! புதினா வாசனை பபிள்கம், அது விடாது."

மேசையே குலுங்கிச் சிரித்தது. தலைவர் மாத்தேயை என்னிடம் நீட்டினார். "விடும்மா. நம்ம ஆளு. இதப் போய்ப் பெருசு பண்ணிக்கிட்டு."

சற்றுமுன் அந்தக் குழலை வில்மார் வாயில் வைத்திருந்தான். எச்சில் மின்னியது.

"எனக்கு வேணாம்," என்றேன். "ஒரு முழம் தள்ளி ஒரு புள்ளத்தாச்சி நின்னா. விரிசல் இருக்குன்னு தெரிஞ்சேதான வித்த நீ?"

'நீ' என்றதும் சிரிப்பு நின்றது. வில்மார் மட்டும் தோளைக் குலுக்கினான். "விழுந்துச்சா அவ மேல? விழலல்ல?"

எல்பியோ அங்கேதான் இருந்தார். மகளைப் பெற்றவர். தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றார், கையில் துணி சுற்றிய ஒரு டேங்கோடு.

"நானும் அவன்கிட்டதான் வாங்கினேன், ஒடிலியா. கொஞ்சம் பாரேன்."

திறந்தேன். அதே நாற்றம். விரிசலில் இந்த முறை மெழுகு.

"இவன் இப்படின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்," என்றார் மெல்ல. "யாரு வாயத் தொறக்கிறது? ஞாயித்துக்கிழம பாதி எறைச்சி அவன்தான கொண்டாறான்."

வில்மார்மீது வந்த அருவருப்பைவிட இது மோசமாக இருந்தது. ஆனாலும் புது டேங்க் ஒன்றைப் பொருத்தி, குழாய்களை மாற்றிக் கொடுத்தேன். அவர் விமானம் யார் தலையிலும் விழக் கூடாது, அவ்வளவுதான்.

"நன்றிம்மா. ஞாயித்துக்கிழம வருவேல்ல?"

"மாட்டேன்."

இப்போது புது டேங்க் போட்ட என் விமானத்தை ஆற்றங்கரையில், யூகலிப்டஸ் தோப்புக்கு அப்பால் உள்ள புல்வெளியில் தனியாகப் பறக்க விடுகிறேன். எஞ்சின் ஒரு முறைகூட நிற்கவில்லை.