பத்தொன்பதாம் தேதி விழுகிறவன்

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி கடைத்தெருவில் வெள்ளமும் படையெடுப்பும் ஆலைத் தீயும் ஒரே நேரத்தில் நடக்கும். மூன்றும் வெவ்வேறு நூற்றாண்டுகளில் நடந்தவை. தேதி மட்டும் ஒன்று. மற்ற தேதிகள் நடந்ததை நடந்ததோடு விட்டுவிடும்; இந்தத் தேதி விடாது, வருடா வருடம் எல்லாவற்றையும் திரும்ப எடுத்து வைக்கும். வெள்ளம் காலையிலேயே வந்துவிடும். இடுப்பளவுத் தண்ணீர், ஆனால் யாரையும் நனைக்காது. அந்தத் தண்ணீருக்குள்ளேயே படை தூசி கிளப்பிக்கொண்டு போகும். படைக்குப் பின்னால், மதில் ஏறுவதற்கான மரக்கோபுரம் ஒன்று சக்கரத்தில் உருண்டு வரும். அது பட்டறைக் கட்டடத்தைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் நூல் ஆலை தீப்பிடிக்கும். புகை மூக்கில் ஏறாது, கண்ணை மறைக்கும், அவ்வளவுதான். காய்கறிக்காரர்கள் அன்றும் கடை போடுவார்கள். கத்தரிக்காய் மேல் குதிரை நடந்து போனாலும் கத்தரிக்காய்க்கு ஒன்றும் ஆகாது.

பெரிய சம்பவங்கள்தான் நிலைக்கும் என்றில்லை. தபால் நிலைய வாசலில் சோப்பு ஏஜெண்ட் ஒருவர் அந்தத் தேதியில் வழுக்கி விழுந்தார். அன்றிலிருந்து வருடம் தவறாமல் விழுகிறார். முதலில் வெட்கப்பட்டு வெளியூர் போய்விடுவார். பிறகு துணிந்து, வாசலில் நின்று, "கால் எப்படி போகுது பாருங்க, அப்படியே வாழைத்தண்டு மாதிரி" என்று போகிறவர்களுக்குக் கை நீட்டிக் காட்ட ஆரம்பித்தார். அதுவும் நிலைத்துவிட்டது. இப்போது ஒரு ஏஜெண்ட் விழ, நாலைந்து ஏஜெண்டுகள் கை நீட்டிக் காட்டுகிறார்கள். மருந்துக்கடைச் சந்தில் ஒரு ஜோடி முத்தமிட்டுக்கொண்டிருக்கும். இரண்டு பேருக்கும் அப்புறம் வேறு வேறு இடத்தில் கல்யாணமாகிவிட்டது. இரண்டு வீட்டாரும் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள், ஆனால் அன்று காலை சேர்ந்து வந்து சந்துக்குக் குறுக்கே போர்வை கட்டுவார்கள்.

அதனால் ஊரில் ஒரு பழக்கம் உண்டானது. அன்றைக்கு யாரும் எதுவும் செய்வதில்லை. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நிற்பார்கள். சும்மா நிற்பவர்கள் மறு வருடம் மங்கலாகத்தான் வருவார்கள், பலமுறை துவைத்த துணி மாதிரி. செய்தவர்கள்தான் பளிச்சென்று வருவார்கள். சரித்திரத்தில் மங்கலாக இருப்பதுதான் மரியாதை என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். ஜனவரி முழுக்கத் தையல் கடைகளில் பை வைக்கிற வேலைதான். ஆழமான பை, முழங்கை வரை போகிற பை, பெண்களின் பாவாடைக்கும் பை.

அந்தத் தையல் கடைகளில் ஒன்றை நடத்தியவள் ஒரு மெக்கானிக்கின் மனைவி. தன் கணவன் தன் அண்ணனைக் கொன்றவனா என்று தெரியாமல் ஆறேழு வருடம் அவனோடு ஒரே கட்டிலில் படுத்தவள்.

அண்ணனும் மெக்கானிக்கும் கூட்டாளிகள். மோட்டாருக்குக் காயில் கட்டுகிற பட்டறை வைத்திருந்தார்கள். கீழே பட்டறை, மேலே வீடு, அதற்கு மேலே மொட்டை மாடி. அண்ணன் வாயாடி. எல்லோரும் கையைப் பைக்குள் விடுகிற நாளில் அவன் வேண்டுமென்றே தெருவில் நின்று சீட்டியடிப்பான். "மங்கலா வந்து என்னத்தடா கிழிக்கப் போறீங்க?" என்பான். ஒரு பத்தொன்பதாம் தேதி, இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாக மொட்டை மாடிக் கைப்பிடிச்சுவர் மேல் ஏறி நின்றான். கோபுரத்தில் நிற்கிற சிப்பாய்க்கு நேர் எதிரே நின்று கையாட்ட வேண்டும், இன்னும் முந்நூறு வருடத்துக்குப் படையைப் பார்க்க வருகிறவன் எல்லாம் தன்னையும் பார்க்க வேண்டும் என்பது திட்டம். மெக்கானிக்கைத் துணைக்குக் கூட்டிப் போனான். அவன் மட்டும் இறங்கி வந்தான். "கால் தவறிடுச்சு" என்றான். அதற்கு மேல் அன்றும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை.

ஒன்றரை வருடம் கழித்துத் தையல்காரியை அவன் கட்டிக்கொண்டான். பட்டறை முழுவதும் அவன் கைக்கு வந்தது. ஊர் இரண்டையும் கூட்டிப் பார்த்தது. அண்ணி கல்யாணத்துக்கு வரவில்லை. எதிர்ச் சாரியில் தன் தங்கை வீட்டு முன்னறையில் ஜன்னலோரம் உட்கார்ந்து பட்டறையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். போலீஸும் பார்க்கத்தான் பார்த்தது. புதிதாக வந்த அதிகாரி ஒருவர் மறு வருடம் பத்தொன்பதாம் தேதி ஏணியோடு வந்து தெருவில் நின்றார். சரியாக அந்த நேரத்துக்கு மரக்கோபுரம் மாடியை மறைத்தது. எதிர் மாடியில் ஏறிய காவலருக்கு ஆலைப் புகைதான் தெரிந்தது. கோபுரம் தாண்டியபோது அண்ணன் கீழே கிடந்தான், வழக்கம்போல. குறுக்கு விசாரணை செய்ய முடியாத சாட்சி வேண்டாம் என்று நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

மாடிக்கே போய்ப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு பத்தொன்பதாம் தேதியும் மெக்கானிக் மாடிக்குப் போய் உள்பக்கம் தாழ் போட்டுக்கொண்டான். ஏன் என்று கேட்டால், "அவன்கூடக் கொஞ்ச நேரம் இருந்துட்டு வரேன்" என்பான். "நானும் வரேன்" என்றால், "நீ தாங்க மாட்ட" என்பான். இதில் எதை நம்புவது? அவள் அவனை நம்பவில்லை. அவன் சோறு பிசையும்போது விரல்களைப் பார்த்தாள். தூக்கத்தில் உளறினால் எழுந்து உட்கார்ந்து கேட்டாள்; அவன் காயில் கம்பியின் கேஜ் எண்களைத்தான் உளறினான். ஊரே பை ஆழம் கேட்கும்போது, கல்யாணத்துக்குப் பிறகு அவன் மட்டும் பையே வேண்டாம் என்றான். சாவியைக் கழுத்தில் கயிற்றில் மாட்டிக்கொண்டான். அவனுக்குத் தைத்த கால்சட்டை எல்லாவற்றையும் அவள் பையில்லாமல்தான் தைத்தாள். தைக்கும்போது, மறைக்க ஒன்றும் இல்லை என்று காட்டுகிறவனிடம்தான் ஏதோ இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அண்ணன் விழுந்த எட்டாவது வருடம் அண்ணி கூப்பிட்டனுப்பினாள்.

"இந்த வருஷம் ஏறிப் பாரு. இல்லன்னா இனிமே இந்தப் படி ஏறாத."

"பாத்து, அவர்தான் தள்ளியிருந்தா?"

"பெட்டிய எடுத்துக்கிட்டு இங்க வந்துடு."

"தள்ளலன்னா?"

அண்ணி சிரித்தாள். "தள்ளாதவன் எதுக்குடி தாழ் போடுறான்?"

தையல்காரி தன் துணிகளில் பாதியைப் பெட்டியில் அடுக்கி அண்ணி வீட்டில் கொண்டுபோய் வைத்தாள். பதினெட்டாம் தேதி மத்தியானம், கணவன் கீழே ஒரு மோட்டாருக்கு வார்னிஷ் ஊற்றிக்கொண்டிருந்தபோது, அவனுடைய திருப்புளியையே எடுத்துப் போய் மாடிக் கதவுத் தாழின் திருகுகளைக் கழற்றி, பார்வைக்கு இருக்கும்படி வெறும் துளைகளில் செருகிவிட்டு வந்தாள். தாழ் இருந்தது, பிடிப்பு இல்லை.

மறுநாள் அவன் மேலே போனான். தாழ் விழுகிற சத்தம் கேட்டது. தெருவில் படையின் முரசு நெருங்கியபோது அவள் படியேறிக் கதவைத் தோளால் ஒரு தள்ளு தள்ளினாள். தாழ் கழன்று கதவோடு வந்துவிட்டது.

மாடியில் கணவன் இருந்தான். ஒருவனாக இல்லை. முன்வருடங்களில் வந்த கணவன்மார் எல்லோரும் இருந்தார்கள், பளிச்சென்று. ஒருவன் கைப்பிடிச்சுவரை ஒட்டிக் குந்தியிருந்தான், ஒருவன் ஓடத் தயாராகக் காலைப் பின்னால் வைத்திருந்தான், ஒருவன் உள்ளங்கையைத் தொடையில் துடைத்துக்கொண்டிருந்தான். சுவர் மேல் அண்ணன் நின்றான். கோபுரம் வந்து மாடிக்கு நேராக நின்றதும் சிப்பாயைப் பார்த்துக் கையாட்டினான். பிறகு அந்த மடையன் செய்த ஒரே தப்பு, நண்பனுக்குக் காட்டுவதற்காகத் திரும்பியது.

"டேய், எப்படி இருக்கேன்?" என்றான். கால் போனது.

எல்லாக் கணவன்மாரும் பாய்ந்தார்கள். எல்லாக் கைகளும் ஒரே இடத்துக்கு நீண்டன. பிடிக்கிற கை, தள்ளுகிற கை என்று பார்த்துச் சொல்ல முடியாத மாதிரி நீண்டன. ஏழு வருடமாகச் செய்த வேலை இதுதானா, முதல் கையை மறைக்க மற்ற கைகளைக் கொண்டுவந்து குவித்தானா என்று அவளுக்கு உடம்பு எரிந்தது. அப்போதுதான் அவர்களுக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி ஓரம், சுவரின் சுண்ணாம்பே தெரிகிற அளவுக்கு மங்கலாக ஒருவன் நிற்பதைப் பார்த்தாள். முகம் சரியாகத் தெரியவில்லை. கால்சட்டையில் பை இருந்தது. இரண்டு கையும் அந்தப் பைக்குள் இருந்தன.

அண்ணன் விழுந்த அன்று நின்றவன், முதல் வருடத்தவன், அவன்தான். அவன் தள்ளவில்லை. பிடிக்கவும் இல்லை. நல்ல ஊர்க்காரனாக நின்றான். விழுகிறவனைப் பார்த்தபோது அவன் முழங்கை ஒரு தடவை அசைந்தது. கையை வெளியே எடுக்கப் பார்த்தானா, இன்னும் உள்ளே திணித்தானா, அவளுக்குப் புரியவில்லை.

அதை யோசிக்க நேரமும் இல்லை. இந்த வருடத்துக் கணவன், சதையும் எலும்புமானவன், மற்றவர்களைவிட ஒரு சாண் அதிகமாகப் பாய்ந்துவிட்டான். நெஞ்சு சுவரைத் தாண்டிவிட்டது, செருப்பு இரண்டும் தரையை விட்டுவிட்டன. அவள் ஓடிப்போய் அவன் இடுப்புப் பட்டியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். தைத்தவள் அவள்தான், தையல் தாங்கியது. இருவரும் மாடித் தரையில் விழுந்தார்கள். கோபுரம் உருண்டு போய்விட்டது.

"பாத்துட்டியா?" என்றான் அவன், மூச்சு வாங்க.

"கை ஏன் வரல?"

"எது செஞ்சாலும் நெலைச்சு நிக்குமேன்னு... ஒரு நொடி யோசிச்சேன்."

"என்ன யோசிச்சீங்க?"

அவன் முழங்கையில் சிராய்ப்பு இருந்தது. அதை ஊதிக்கொண்டிருந்தான்.

"பட்டறையையா?" என்றாள்.

"தெரியல" என்றான். "நெசமா தெரியல. அதுக்குத்தான் வருஷா வருஷம் பாக்க வரேன்."

அவள் இறங்கி, கோட்டைக்குப் போகிற குதிரைகளுக்கு நடுவே தெருவைக் கடந்து, அண்ணி வீட்டுக்குப் போனாள். அண்ணி வாசலிலேயே நின்றாள். அவளும் கையைப் பாவாடைப் பைக்குள் விட்டிருந்தாள்.

"தள்ளினானா?"

"இல்ல."

"அப்ப பிடிக்கப் பாத்தானா?"

"இல்ல."

"அப்புறம் என்னதான்டி பண்ணான்?"

"ஊர்ல எல்லாரும் பண்றதத்தான் பண்ணியிருக்கார், அண்ணி."

 தன் கணவன் விழுந்த அன்று, தங்கை வீட்டுக்கு வந்திருந்த அண்ணியும் இதே வாசலில் இப்படியேதான் நின்றிருந்தாள். அவளுடைய மங்கலான உருவம் அந்த நேரத்தில் அவளுக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தையல்காரி பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள். துணிகளை அலமாரியில் வைக்கவில்லை. பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, வேண்டியதை வேண்டியபோது எடுத்துக்கொண்டாள். அப்படியே வருடங்கள் போயின. அவனோடு சாப்பிட்டாள், படுத்தாள், சண்டை போட்டாள். காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தாள். தம்ளரை அவன் கையில் கொடுக்கும்போது மட்டும் கையைப் பார்த்தாள்.

மறு வருடத்திலிருந்து மாடிக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். அவன் பாய்வதை விட்டுவிட்டான். கதவோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வான். அவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய், மங்கலாக நிற்கிறவனின் முழங்கைக்கு நேரே குனிந்து பார்ப்பாள். ஒரு வருடம் இடப்பக்கமிருந்து. ஒரு வருடம் வலப்பக்கமிருந்து. ஒரு வருடம் தரையில் படுத்து, கண்ணுக்கு மேல் கையைக் குவித்து. முழங்கை ஒரு தடவை அசையும். எடுக்கிற மாதிரியும் இருக்கும், திணிக்கிற மாதிரியும் இருக்கும்.

"என்ன?" என்று ஸ்டூலிலிருந்து அவன் கேட்பான்.

"அடுத்த வருஷம் பாக்கணும்" என்பாள்.

கீழே, கோபுரத்தைப் பார்க்க வெளியூரிலிருந்து வருகிறவர்கள் மாடியைக் காட்டி அது என்ன கூட்டம் என்று கேட்டால், அது தையல்காரி வீடு என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். ஏனென்றால் இப்போது அங்கே அவள்தான் அதிகம். ஒருத்தி ஒருவனுடைய இடுப்பைப் பிடித்து இழுக்கிறாள். மற்றவர்கள் எல்லாம் தொட்டியைச் சுற்றி நெருக்கியடித்து, குனிந்தும் மண்டியிட்டும் எட்டியும் பார்க்கிறார்கள். எல்லோரும் பளிச்சென்று இருக்கிறார்கள். கடந்த சில வருடங்களாக அவள் எந்தப் பக்கம் போய் நின்றாலும் அந்த முழங்கை தெரிவதில்லை. அவள் முதுகுகள்தான் தெரிகின்றன.