கேம் பெட்டிக்குள் சினிமா

மகன் சின்ன வயதில் விளையாடித் தீர்த்து, வேலைக்கு வெளியூர் போனபோது அலமாரியில் விட்டுவிட்டுப் போன வீடியோ கேம் பெட்டி அது. அதற்குள் ஒரு கம்ப்யூட்டரை உட்காரவைத்து, டிவியோடு இணைத்துச் சினிமா பார்க்கப்போகிறாராம் என் வீட்டுக்காரர். கடையில் ரெடிமேடாகவே கிடைக்கிறதே என்றேன். "உனக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இரு" என்றார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அவருக்கு வேண்டியது சினிமா இல்லை, கை.

லிஃப்ட் மெக்கானிக் அவர். பக்கவாதம் வந்ததிலிருந்து வலது கை விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. "கை நல்லா நின்னாத்தான் மறுபடி லிஃப்ட் குழிக்குள்ள இறக்குவேன்" என்று சூப்பர்வைசர் கறாராகச் சொல்லிவிட்டார்.

பெட்டியின் பழைய போர்டைக் கழற்றினார். உள்ளே குறுக்கே நின்ற பிளாஸ்டிக்கை இடது கையாலேயே அறுத்துத் தள்ளினார். உள்ளங்கை அகல மதர்போர்டு கச்சிதமாக உட்கார்ந்தது. அதுவரைக்கும் சரி. மிளகு அளவு ஸ்க்ரூக்களை மட்டும் வலது கையால்தான் போடுவேன் என்று ஒரே அடம். ஸ்க்ரூ நழுவும், மேஜைக்கு அடியில் உருளும், குனிந்து தேடுவார். எடுத்துக்கொடுக்கப் போனால் எரிந்து விழுவார். பெற்ற பிள்ளை தத்தித் தத்தி நடந்தபோதுகூட நான் இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை.

ஒருநாள் மத்தியானம் போர்டின் நான்கு மூலையிலும் ஸ்க்ரூவை அரைகுறையாக நிறுத்திவிட்டு, வியர்த்து வழியப் போய்ப் படுத்துவிட்டார். தொட்டால் எல்லாமே ஆடியது. எனக்குப் பொறுக்கவில்லை. நான்கையும் இறுக்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போலத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

எழுந்து வந்தவர் விரலால் அசைத்துப் பார்த்தார்.

"புடிச்சிருக்கு! இங்க வந்து பாரேன், நல்லா புடிச்சிருக்கு!"

அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? "ஆமாங்க" என்றேன். அப்புறம் ஃபேன், அப்புறம் ஹார்ட் டிஸ்க், அப்புறம் மூடி. அவர் தூங்கத் தூங்க நான் இறுக்கினேன். நாளுக்கு நாள் அவர் நிமிர்ந்தார்.

நேற்று பெட்டியின் பட்டனை அழுத்தினார். ஃபேன் இரைந்தது, டிவியில் படம் வந்தது. நான் சின்னப் பிள்ளை மாதிரி கைதட்டினேன். அவர் டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனை எடுத்தார்.

"சார், கை சரியாயிடுச்சு. ஒரு கம்ப்யூட்டரையே ஒத்த ஆளா மாட்டி முடிச்சிட்டேன். திங்கக்கிழமை வரட்டுங்களா?"

பத்து மாடி உயரத்தில், இருட்டுக்குள் தொங்கிக்கொண்டு பார்க்கிற வேலை. பிடிக்க வேண்டிய நேரத்தில் அந்தக் கை பிடிக்காமல் போனால்? இப்போதே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் போனை என்னிடம் நீட்டினார்.

"சார் நம்ப மாட்டேங்கறாரு. நீயே சொல்லு. கூடவே இருந்து பாத்தவ நீதானே."

"சொல்லுங்கம்மா" என்றார் சூப்பர்வைசர். "நெஜமாவே கை நிக்குதா? உங்க வார்த்தைய நம்பித்தான் இறக்கப்போறேன்."

எதிரே நின்று, சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டினார் அவர். எத்தனையோ மாதம் கழித்து நேற்றுதான் சிரித்தார்.

"நிக்குதுங்க சார்" என்றேன்.

"சரிம்மா, அப்ப திங்கக்கிழமை அனுப்பி வைங்க."

அனுப்பி வைக்கத்தான் போகிறேன். வேறென்ன செய்ய, நீங்களே சொல்லுங்கள்.