ஆணியில் தொங்கிய ரொட்டி

நாற்பது துப்பாக்கிக்காரர்களை ஒரே ஒரு ரொட்டியால் மண்டியிட வைத்தவர் சுயூன். கணவாய்க்குக் கீழே இருந்த அந்தக் கிர்கிஸ் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லோருமே அதைச் சுயூன் வாயால் முந்நூறு தடவை கேட்டவர்கள். தேநீர்க் கடையில் முதல் கிண்ணத்துக்கு நாற்பது பேர். மூன்றாவது கிண்ணத்துக்கு அறுபது பேரும் ஒரு பீரங்கியும். பெருநாளன்று பீரங்கி இரண்டாகும்.

பனி வாரும் வண்டியை முப்பது வருடம் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். வாரிய பனியை ஓரிடத்தில் குவித்திருந்தால் சீனாக்காரனுக்கு வெயிலே விழுந்திருக்காது என்பதும் அவர் சொன்னதுதான்.

"புளுகு," என்பார் மமாசாலி. ஊருக்கு ஒரே போலீஸ்காரராக இருந்தவர். "வெறும் ரொட்டியோட கிட்டப் போயிருந்தா உன்னைச் சல்லடையாக்கியிருப்பானுங்க. நீயே ஒரு கடி கடிச்சுட்டு வந்து பொண்டாட்டிய ஏமாத்திட்ட."

"நீ பாத்தியாடா?"

"நான் அன்னைக்கு டவுனுக்குப் போயிருந்தேன்."

"அங்க வரைக்கும் பீரங்கிச் சத்தம் கேக்கலியாக்கும்?"

கடையே சிரிக்கும். எல்லோரையும் விடச் சத்தமாகச் சுயூன் சிரிப்பார். முதல் வருடம் நடந்ததை நடந்தபடியே சொல்லிப் பார்த்தார். பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். நாற்பது பேர் ஆக்கிய பிறகுதான் கடைசி வரை சொல்ல முடிந்தது.

அந்த ஊர் வழக்கப்படி, தூரம் போகிறவன் வீட்டு ரொட்டியில் ஒரு வாய் கடித்துவிட்டுத்தான் படி இறங்குவான். மீதி ஆணியில் தொங்கும். திரும்பி வந்து அதைத் தின்று முடிப்பது அவன் பொறுப்பு.

இருபத்து மூன்று வருடத்துக்கு முன் ஓர் ஆகஸ்ட் காலையில் கிளர்ச்சிக்காரர்கள் கணவாய் இறங்கி வந்தார்கள். மாவு கேட்டார்கள், ஆடு கேட்டார்கள், திரும்பிப் போக வழி காட்ட ஆள் கேட்டார்கள். சுயூனின் ஒரே மகன் தைலாக்குக்குப் பத்தொன்பது வயது. அவனைப் பிடரியில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். அம்மா ஊல்கான் அடுப்புக்குள் வெறுங்கையை விட்டு ரொட்டியைப் பிய்த்தெடுத்துப் புருஷனிடம் திணித்தாள்.

"ஓடுங்க! கடிக்காமப் போறான்!"

ஓடினார். பிறை போலக் கடிபட்ட ரொட்டியோடு திரும்பினார். அது ஆணியில் ஏறியது.

பிறகு ராணுவம் வந்தது, ஹெலிகாப்டர் வந்தது, கணவாய் முழுக்கக் கண்ணிவெடி வந்தது. மேலே மேயப் போன ஆடுகள் மூன்று காலோடு வந்தன. போன மேய்ப்பர்களில் இருவர் வரவேயில்லை. மருத்துவர் வருவது நின்றது. எண்பது வீட்டில் முப்பதில்தான் புகை எழும்பியது. அந்த ரொட்டி மட்டும் கல்லாக இறுகி அங்கேயே தொங்கியது. அது தொங்கும்வரை தைலாக்குக்காக யாரும் இறந்தவனுக்கான தொழுகை தொழக்கூடாது என்றாள் ஊல்கான்.

இந்த வசந்தத்தில் கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் ஒரு சாக்கைக் கொண்டுவந்து இறக்கினார்கள். எலும்புகள், ஒரு பூட்ஸ். பூட்ஸின் குதிகாலில் செம்புக் கம்பித் தையல். தன் வண்டியிலிருந்து உருவிய கம்பியால் சுயூன் போட்ட தையல்தான். தடவிப் பார்த்தார். அன்று அவர் தேநீர்க் கடைப் பக்கமே போகவில்லை.

அடக்கத்துக்கு ஊர் கூடியது. ஊல்கான் ரொட்டியை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் ஒரு கிண்ணம் தேநீர்.

"இது அவன் பல்லுன்னா நனைச்சு நான் தின்னுடுவேன். உங்க பல்லுன்னா குருவிக்குப் போட்டுடறேன். உண்மையச் சொல்லுங்க."

"அவன்தான் கடிச்சான்."

"அறுபது பேரு நடுவுலயா? பீரங்கி பாத்துட்டிருக்கறப்பவா?"

சுயூன் சுற்றிலும் பார்த்தார். சொன்ன ஒவ்வொரு பீரங்கியும் இப்போது அவரையே குறிபார்த்தது.

"ஏழு பேருடீ," என்றார். "அவங்க யாரும் மண்டி போடல. நான்தான் போட்டேன். ஒரு வாய் கடிச்சுக்கட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போங்கன்னு கால்ல விழுந்தேன். அவங்கள்ல பெரியவன் துப்பாக்கியத் தாழ்த்தினான். அவனும் இந்தப் பக்கத்து ஆளுதானே, ரொட்டிய மறுக்கல. தைலாக் கடிச்சான். 'அப்பா, சுடுது'ன்னான்."

ஊல்கான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுவும் நல்லாத்தான் இருக்கு," என்றாள். அழவில்லை. "பெருநாளைக்கு என்ன ஆகும்? எட்டுப் பேரா?"

ஊல்கான் ரொட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக் குருவிகளை நோக்கி எழுந்தாள்.

"மதினி, உக்காருங்க."

வாசலில் மமாசாலி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தார். அந்தத் தலையை வெறுமையாக யாரும் பார்த்ததில்லை.

"நான் டவுனுக்குப் போகல. எதிர் வீட்டுக் கூரை மேல வைக்கோலுக்குள்ள கெடந்தேன். ஏழு பேருதான். எண்ணினேன். எங்கிட்ட பிஸ்டல்ல எட்டுக் குண்டு இருந்துச்சு."

மமாசாலி சுயூன் பக்கம் திரும்பாமல் ஊல்கானையே பார்த்தார்.

"சுயூன் இப்ப எதையும் கூட்டிச் சொல்லல, மதினி. உங்க புள்ளதான் கடிச்சான். வாய் சுட்டு ஊதி ஊதி மென்னான். நான் பாத்தேன்."