பிந்திக் கிளம்பிய நியூட்ரினோக்கள்

பிரபஞ்சம் பிறந்து ஒரு விநாடி ஆகியிருக்கும், கண்ணுகளா. எல்லாத் துகளும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடந்த அந்த நெரிசலிலிருந்து முதலில் கழன்றுகொண்டவை நியூட்ரினோக்கள்தாம். அவை போன பிறகு எலக்ட்ரான்கள் தம் எதிர்த்துகள்களோடு மோதி அழிந்தன. அதில் பிறந்த சூடு ஒளிக்குப் போனது. கிளம்பிப் போனவற்றுக்கு ஒன்றுமில்லை.

ஒன்றுமே இல்லை என்பதும் சரியில்லை. எல்லாம் ஒரே நொடியில் கிளம்பியிருக்குமா என்ன? பிந்திக் கிளம்பியவற்றின்மேல் கொஞ்சம் சூடு ஒட்டித்தான் இருக்கும். எவ்வளவு என்று பலர் கணக்குப் போட்டிருக்கிறார்கள். அதை இன்னும் ஒரு தசம இடம் துல்லியமாகப் போட, அடையாறில் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் நாலு வருஷம் உழைத்தாள் கயல்.

கணக்கு முடிகிற சமயத்தில் அவள் வீட்டையும் சேர்த்து ஆற்றோரத்து வீடுகளை இடித்தார்கள். அம்மா தேவானையையும் தட்டுமுட்டுச் சாமானையும் லாரியில் ஏற்றி, அரசு ஒதுக்கிய பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் கொண்டுசேர்த்து நிலைப்படுத்த மூன்று மாசம் ஆயிற்று. எட்டாவது மாடியில், கரண்ட் இன்னும் கொடுக்காத வீட்டில் உட்கார்ந்து, லேப்டாப் சார்ஜ் தீருவதற்குள் கடைசி எண்களை அனுப்பிவைத்தாள்.

நிறுவனத்துக்குத் திரும்பி வந்தபோது கட்டுரையைப் பத்திரிகை ஏற்றுக்கொண்டிருந்தது. மேலே இரண்டு பெயர்கள்: வழிகாட்டி பரத்வாஜ், கூடப் படிக்கிற ராம்குமார். அவள் பெயர் கடைசிப் பக்கத்து நன்றியில் இருந்தது. வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்க அவளிடம் இருந்தது இந்த ஒரு கட்டுரைதான்.

அம்மா அதற்குள் போன் பண்ணினாள். "உம் பேரு வந்துட்ச்சாடி? எதிர்வூட்டு அக்கா கேட்டுக்கினே கீது."

இன்னும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டாள் கயல்.

பரத்வாஜ் கோபப்படுகிறவர் இல்லை. அவள் அறைக்குப் போய்க் கேட்டதும் உட்காரச் சொன்னார். அம்மா சௌக்கியமா என்று விசாரித்தார். எழுதுகிற நேரத்தில் நீ கிளம்பிப் போய்விட்டாயே, ராம்குமார்தானே கூட இருந்தான் என்றார்.

"கிளம்பிப் போனாலும் கொஞ்சம் பங்கு உண்டுன்னுதானே சார் நம்ம கணக்கே சொல்லுது?"

அவர் சிரித்தார். "நன்னா பேசறே. ஆனா அச்சுக்குப் போற ப்ரூஃப் வந்தாச்சு. இனிமே ஒரு எழுத்துகூட மாத்த முடியாது. நன்றில போட்டிருக்கேனே, போறாதா?"

"அப்ப அதையும் எடுத்துடுங்க சார்."

பரத்வாஜ் கணினியைத் தன் பக்கம் திருப்பி, கடைசிப் பக்கத்துக்குப் போய், அவள் பெயர் இருந்த வரியை அழித்து, அப்போதே பத்திரிகைக்கு அனுப்பினார்.

"மாத்தியாச்சும்மா" என்றார்.