கோல் எந்தக் கையில்

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. சம்பந்தப்பட்டவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக் கேட்டது. ஒருவர் சொல்லும்போது மச்சான் வந்த அன்று மழை. இன்னொருவர் சொல்லும்போது மண்டையைப் பிளக்கும் வெயில். தேநீர்க் குவளை ஒரு தடவை வெள்ளை, மறு தடவை அதன் ஓரத்தில் பச்சைக் கோடு. அதெல்லாம் எப்படியும் இருந்துவிட்டுப் போகட்டும். எது முன்னால் நடந்தது, எது பின்னால் நடந்தது என்பதில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது. அந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

எதிலும் குறை கண்டுபிடிப்பதால் அவனுக்கு நொட்டை என்று பெயர் வைத்ததே மச்சான்தான், அவன் மனைவியின் அண்ணன். மூக்குக்கண்ணாடிக் கடை ஒன்றின் பின்னறையில் லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துவது அவன் வேலை. மயிரிழை விலகினாலும் அவன் கண்ணுக்குத் தெரிந்துவிடும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் கண்ணைக் கழற்றி வைக்க முடியாதே. சினிமா பார்க்கும்போதும் அது வேலை செய்துகொண்டே இருந்தது.

அதிலும் அவனுக்கு மாயாஜாலப் படங்கள்தான் பிடிக்கும். ராணியின் பின்னல் பேச்சின் தொடக்கத்தில் வலது தோளிலும் முடிவில் இடது தோளிலும் கிடக்கும். பேசப் பேச மெழுகுவர்த்தி வளரும். மருத்துவரே இல்லாத ராஜ்யத்தில் படைத்தளபதியின் கையில் அம்மை ஊசித் தழும்பு இருக்கும். செத்துக் கிடக்கும் வீரன் கண் சிமிட்டுவான். இவற்றையெல்லாம் தொகுத்து ‘பிசகு’ என்ற பெயரில் வீடியோவாகப் போட்டு வந்தான். முன்னறை அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவனே பேசுவான்.

“மலை பறக்குது, அதுக்கு ஒரு கேள்வி இல்ல. மெழுகுவர்த்தி வளந்துட்டா மட்டும் தூக்கம் வராது இவருக்கு,” என்பாள் அவன் மனைவி. அவள் பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் இருந்தாள்.

“மலை பறக்கும்னு அவங்க முதல்லயே சொல்லிட்டாங்க. மெழுகுவர்த்தி வளரும்னு சொல்லவே இல்லையே,” என்பான் அவன். பொய் பெரிதாக இருந்தால் அதைச் சுற்றியுள்ள சின்ன உண்மைகள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அவன் கட்சி.

மனைவியின் அண்ணன் நடிகர். பல வருடம் கதை முடிந்தபின் வந்து சேரும் போலீஸ்காரராகவும், அறைக் கதவைத் திறந்து தலையைக் குனிந்துகொள்ளும் டாக்டராகவும் காலம் தள்ளியவர். தாடி நரைத்தபிறகுதான் நல்ல காலம் பிறந்தது. ஒரு மாயாஜாலப் படத்தில் நீலக்கல் பதித்த கோலோடு மந்திரவாதியாக வந்தார். படம் ஓடியது. இரண்டாம் பாகமும் ஓடியது. மூன்றாவது எடுக்க இருந்தார்கள். பாதி வாழ்க்கை காத்திருந்து கிடைத்த வேடம், அதைக் கடைசிவரை முடித்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

அந்த இரண்டு படங்களை மட்டும் நொட்டை தொட்டதில்லை. மச்சான் படம் வீட்டுப் படம் என்று எழுதப்படாத ஒப்பந்தம்.

மனைவி தன் அக்காவின் பிரசவத்துக்குத் துணையாகப் போயிருந்த சமயம் அது. ஒரு விடுமுறை நாளில் மச்சான் ஒரு செடித் தொட்டியை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டு படியேறி வந்தார். உள்ளே நுழையும்போது தொட்டி கதவு நிலையில் மோதி, அதன் விளிம்பில் ஒரு சில்லு தெறித்து விழுந்தது.

“மந்திரம் பலிக்கல,” என்றார் அவர்.

“நிலை கோணல் மச்சான். கட்டுனவன் மேலதான் தப்பு.”

“பாத்தீங்களா, அதுலயும் ஒரு நொட்டை. தங்கச்சி இல்லாத வீடாச்சே, பச்சையா ஏதாவது இருக்கட்டும்னு தூக்கிட்டு வந்தேன்.”

தேநீர் போட்டுக் கொடுத்தான். வலது கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு இடது கையால் குவளையை எடுத்தார். படப்பிடிப்புக் கதைகளைச் சொன்னார். வெப்பம் தாங்காமல் வேட உறையைக் கழற்றிய அரக்கன், உள்ளாடையோடு உட்கார்ந்து கணக்குப் பாடம் படித்ததைச் சொன்னார். நொட்டை வயிறு வலிக்கச் சிரித்தான். சிரிப்பில் தன்னை மறந்த மச்சான் பிஸ்கட் எடுக்க வலது கையை நீட்டினார்.

தட்டு ஒலித்தது. குருவி கொத்துவது போல, சின்னச் சின்னதாக, விடாமல் ஒலித்தது. விரல்கள் தட்டின் ஓரத்தில் தாமாகத் துடித்துக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு இருந்தார்கள். மச்சான் கையை மெல்ல எடுத்து மறுபடி தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

“பாத்துட்டீங்க,” என்றார் மச்சான்.

“எதை?” என்றான் நொட்டை.

அவர் அவனை ஒரு கணம் பார்த்தார். முகம் இளகியது. “சரி,” என்றார். “மூணாவது படம் மட்டும் முடிஞ்சிடட்டும்.”

வாக்குக் கொடு என்று அவர் கேட்கவில்லை, கொடுக்கிறேன் என்று இவனும் சொல்லவில்லை. ஆனால் ‘எதை’ என்று அவன் சொன்னதை அவர் வாக்காகத்தான் எடுத்துக்கொண்டு படியிறங்கினார் என்பது இருவருக்கும் தெரியும்.

தொட்டியை அலமாரியில் வைத்தான். உடைந்த விளிம்பு கண்ணை உறுத்தியது. அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிட்டான்.

அன்று மாலையே மச்சானின் இரண்டாவது படத்தைப் போட்டுப் பார்த்தான். கவலையில்தான் போட்டேன் என்று அவன் சொல்கிறான். இருக்கலாம். தொடக்கத்தில் கவலைதான் இருந்திருக்கும். தூரத்துக் காட்சியில் கோல் வலது கையில் இருந்தது. முகத்துக்கு அருகில் கேமரா வந்தபோது இடது கையில் இருந்தது. மறுபடி தூரம், வலது. மறுபடி அருகில், இடது. படம் முழுக்க இப்படியே. முதல் படத்தைப் போட்டான். அதில் கடைசிப் பகுதியில் மட்டும்.

அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. தூரத்தில் நடுக்கம் தெரியாது. அருகில் வந்தால் நீலக்கல் ஆடும். அதனால் கை மாற்றியிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய பிசகு, இரண்டு படத்திலும், உலகத்தில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. அவன் மட்டும் கவனித்துவிட்டான். அந்த எண்ணம் உள்ளே புகுந்தபிறகு உடம்பில் எறும்பு ஊர்ந்தது போல அவனால் சும்மா இருக்க முடியவில்லை.

கையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன், கோலைப் பற்றித்தானே சொல்லப்போகிறேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான். வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து பேசினான். “மந்திரவாதியோட வலது கை எங்க போச்சு? பாக்கெட்ல சில்லறை தேடிட்டு இருக்கா?” என்று கேட்டு, காட்சிகளை அடுத்தடுத்து ஒட்டி, துள்ளலாக ஒரு இசையும் சேர்த்தான்.

அவன் போட்ட வீடியோக்களில் எதுவும் அப்படி ஓடியதில்லை. கடைக்கு வந்தவர்கள்கூட அதைப் பற்றிப் பேசினார்கள். அவன் மகிழ்ந்தான். அதையும் அவன் மறைக்கவில்லை.

பிறகு யாரோ ஒரு பெண் அதன் அடியில் எழுதினார்: “இதில் சிரிக்க ஒன்றுமில்லை. என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கோலைப் பார்க்காதீர்கள். கோல் இல்லாத கையைப் பாருங்கள்.”

எல்லோரும் பார்த்தார்கள். அங்கி மடிப்புக்குள், மேசை ஓரத்துக்குக் கீழே, குதிரையின் பிடரி மயிருக்குள் அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. நொட்டை பதறிப்போய் வீடியோவை எடுத்துவிட்டான். தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். அதற்குள் நகல்கள் ஊரெல்லாம் பரவிவிட்டன.

படக் கம்பெனி மச்சானை மருத்துவரிடம் அனுப்பியது. மூன்றாவது படத்தில் மந்திரவாதி வேறு முகத்தோடு வருவார், மந்திரவாதிகள் உருமாறுவது இயல்புதானே என்று அறிவித்தது. படப்பிடிப்பில் கன்டினியூட்டி பார்த்த அம்மாவையும் வேலையிலிருந்து நிறுத்தியது. ஒரு காட்சிக்கும் அடுத்ததற்கும் கோலும் குவளையும் பின்னலும் இடம் மாறாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அவர் கவனிக்காமல் விட்டதல்ல அது. நடுக்கத்தை முதலில் கண்டுபிடித்ததே அவர்தான். “முகத்துக்குப் பக்கத்துல வர்றப்போ இடது கைக்கு மாத்திக்கங்க சார். ஜனங்க உங்க முகத்தைத்தான் பாப்பாங்க,” என்று யோசனை சொன்னவரும் அவர்தான். வாழ்நாளில் தெரிந்தே விட்ட ஒரே பிசகு. எய்தவன் இருக்க அம்பு நொந்தது.

மனைவி திரும்பி வந்தாள். பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை.

“அண்ணனுக்கு இப்படின்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“வீடியோ போட்டதுக்கு அப்புறம்தான் மச்சான் இங்க வந்தாரு. இந்தச் செடியைக் கொண்டு வந்தாரே, அன்னைக்குத்தான் நானே பாத்தேன். முன்னாடியே தெரிஞ்சிருந்தா போடுவேனா?”

சொல்லி முடித்தபோது அவனுக்கே அது உண்மை போல இருந்தது. இரண்டு காட்சிகளை இடம் மாற்றி ஒட்டினால் போதும், கதை வேறாகிவிடுகிறது.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். “அண்ணே, நீங்க செடி கொண்டு வந்தது வீடியோவுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று அவள் போனைத் தூக்கிப் பார்த்தாள்.

“ஞாபகம் இல்லம்மா,” என்றார் மச்சான். “ஏதோ ஒரு நாள். மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

நொட்டை எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

சில வாரங்கள் அப்படியே போயின. செடிக்கு அவள்தான் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றும்போது சுவர்ப் பக்கமிருந்த உடைசலை விரலால் தடவிப் பார்த்தாள். ஒரு நாள் மருத்துவமனையில், மரத்துப்போன வாயோடு காத்திருந்த ஒருவர் பாதி வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். “பாருங்க மேடம், என்னமா கண்டுபிடிக்கிறான் இந்த ஆளு,” என்று குழறியபடி போனை அவள் பக்கம் நீட்டினார். நகல்களில் ஒன்று. முதல் தடவை பார்த்தபோது அவள் அண்ணனை மட்டும்தான் பார்த்திருந்தாள். இப்போது புருஷனைப் பார்த்தாள்.

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அலமாரியிடம் போனாள். அவன் தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“தொட்டி அதுல இருக்கு,” என்றாள்.

அவன் துடைப்பதை நிறுத்தினான்.

“உங்க இடது தோளுக்குப் பின்னால. அண்ணன் வந்தது அப்புறம்தான்னா, தொட்டி மட்டும் முன்னாடியே தனியா நடந்து வந்துச்சா?”

எத்தனையோ பேருடைய படங்களில் எத்தனையோ பின்னணிகளைத் துருவிப் பார்த்தவன், தன் முதுகுக்குப் பின்னால் இருந்ததைப் பார்க்கவில்லை. கண்ணாடி இல்லாத கண்ணுக்கு அவள் முகம் கலங்கலாகத் தெரிந்தது. போட்டுக்கொள்ளத் துணியவில்லை.

“உடைஞ்ச பக்கம் சுவரைப் பாத்து இருக்கு,” என்றாள். “வீடியோவுல அசிங்கமா தெரியும்னு திருப்பி வச்சீங்களா?”

“அன்னைக்கே திருப்பிட்டேன். பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு.”

“தொட்டிக்கு மட்டும் பாத்தீங்க,” என்றாள்.

தொட்டியைத் திருப்பி, உடைசல் அறையைப் பார்க்கும்படி வைத்தாள். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு முகம் கழுவப் போனாள்.

அடுத்த விடுமுறை நாளில் அவன் மச்சானின் வீட்டுக்குப் போனான். கதவு திறந்தே இருந்தது. மச்சான் ஜன்னலோரம் நின்று இடது கையால் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். தாடியை எடுத்திருந்தார். அது இல்லாமல் அவர் முகம் மனைவியின் முகத்தை அப்படியே உரித்து வைத்ததுபோல் இருந்தது.

“மச்சான், அன்னைக்கு நான் பாத்தேன்,” என்றான்.

“எதை?” என்றார் அவர்.

அது கேள்வி இல்லை. திருப்பிக் கொடுத்தாரா, மன்னித்தாரா, இன்னும் காப்பாற்றுகிறாரா என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது.

“இந்த வலது கைப் பொத்தானைப் போட்டு விடுங்க மாப்பிள்ளை,” என்று மச்சான் கையை நீட்டினார்.

லென்ஸின் மயிரிழை விலகலைச் சரிசெய்கிற விரல்கள் அந்தப் பொத்தானைத் துளைக்குள் நுழைக்கத் திணறின. மச்சானின் மணிக்கட்டு ஆடிக்கொண்டே இருந்தது.

“ரெண்டு பேரும் சேந்து ஒரு பொத்தான் போட முடியல,” என்றார் மச்சான். பிறகு, போட்டு முடித்ததும் சொன்னார்: “என்கிட்ட சொல்ல ஒண்ணும் இல்ல. அந்தக் கன்டினியூட்டி அம்மாவுக்கு வேலை போயிடுச்சு. அவங்களைப் போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தான். அந்த அம்மா வாசலிலேயே நிற்கவைத்து முழுவதையும் கேட்டார். கேட்டு முடித்ததும் “சரி” என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூன்றாவது படம் வேறு மந்திரவாதியோடு வந்து சுமாராக ஓடியது. மச்சான் இப்போது ஒலிப்புத்தகங்களுக்குக் கதை வாசிக்கிறார். குரல் இன்னும் நடுங்கவில்லை. கன்டினியூட்டி அம்மா சோப்பு விளம்பரங்களில் வேலை பார்க்கிறார். நொட்டை ‘பிசகு’வை மூடிவிட்டு லென்ஸ் அறுக்கிறான். மனைவி அவனோடுதான் இருக்கிறாள். ஆனால் அவனோடு உட்கார்ந்து படம் பார்ப்பதில்லை. நொட்டை என்று அவனை இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. செடி நன்றாக வளர்ந்துவிட்டது.