ஐம்பது நிமிடமும் பதினான்கு மணி நேரமும்

போர்னியோ தீவில், கடலோர நகரமான மீரியிலிருந்து மலைமேல் இருக்கும் பாரியோவுக்கு விமானத்தில் ஐம்பது நிமிடம். மரம் வெட்டுகிறவர்கள் போட்ட மண்பாதையில் ஜீப்பில் வந்தால் பதினான்கு மணி நேரம், அதுவும் மழை பெய்யாவிட்டால். இந்தக் கணக்கு ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை நினைத்து வயிறெரிந்தவன் லியான் ஒருவன்தான்.

பல் பிடுங்க மீரிக்குப் போயிருந்த மனைவிக்காக ஓடுபாதை ஓரம் நின்றிருந்தான். குட்டி விமானம் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அவள் இல்லை.

"அவ ரிபு வண்டியில வர்றாளாம், போன் வந்துச்சு," என்றாள் பயணிகளை எடை போடும் அக்கா. "ஏன்னு கேக்கிறதுக்குள்ள கட்டாயிடுச்சு. முன் சீட்டாம்ப்பா." அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இருந்தால் அவள் அக்காவா?

ஒரு காலத்தில் அவளைப் பெண் கேட்டவன் இந்த ரிபு. தலைப்பிள்ளை பிறந்ததும் பெற்றவர்கள் பழைய பேரை விட்டு, ஊருக்கு விருந்து போட்டுப் புதுப் பேர் வைத்துக்கொள்வது வழக்கம். அப்படித்தான் லியானின் மனைவி சுபாங், சினா ராங் ஆனாள். ஊரே புதுப் பேருக்கு மாறியது, ரிபு மட்டும் சுபாங் என்றே கூப்பிட்டான். கேட்டால், "விருந்தன்னிக்கு நான் மீரியில இருந்தேன். எனக்கு யாரு கறி போட்டா? சாப்பிடாத விருந்துக்கு நான் ஏன் கட்டுப்படணும்?" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். லியானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்து வைப்பான். அந்தப் பழைய பேரை அதன்பின் அவன் வாயால் சொன்னதே இல்லை.

வீட்டுக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. ஐம்பது நிமிடத்தில், அந்த இன்ஜின் இரைச்சலில், என்ன பேசிவிட முடியும்? பதினான்கு மணி நேரத்தில் பிறந்ததிலிருந்து உள்ள கதையெல்லாம் பேசலாம். மழை வரக்கூடாது என்று வேண்டினான். வராவிட்டால் ஜாலியாக அரட்டை அடித்துக்கொண்டு வருவார்களே என்று மழை வரட்டும் என வேண்டினான். சேற்றில் இறங்கினால் கையைப் பிடித்துக்கொள்வாளே என்று அதையும் மாற்றிக்கொண்டான். கடைசியில் அவள் துணிகளை ஒரு சாக்கில் திணித்து வாசலில் வைத்தான். வந்த வண்டியிலேயே அம்மா வீட்டுக்குப் போகட்டும்.

மறுநாள் காலையில் ஜீப் வந்தது. உடம்பெல்லாம் சேறு, கன்னம் வீங்கி இறங்கினாள்.

"சுபாங், பையை விட்டுட்டியே!" என்று கத்தினான் ரிபு.

லியான் சாக்கைத் தூக்கினான். அவள் முந்திக்கொண்டாள்.

"டிக்கெட்ல என்ன பேரு குடுத்த?"

"உன் பேருதான். சினா ராங்."

"அடையாள அட்டையில இன்னும் சுபாங்னுதானே இருக்கு! இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்; மீரி ஏர்போர்ட்ல இது யாருன்னு கேட்டு நிறுத்திட்டாங்க. மூஞ்சி வீங்கிப்போய் நான் என்னத்தச் சொல்ல? உனக்குத் தெரியாதா?"

தெரியும். அட்டையில் உள்ள பேர்தானா என்று டிக்கெட் போட்ட பெண் இரண்டு தடவை கேட்டாள். அந்தப் பழைய பேரைச் சொல்ல மனம் வராமல் ஆமாம் என்றிருந்தான். அவளை ரிபுவின் வண்டியில் ஏற்றிவிட்டது அவனேதான்.

"அடுத்த மாசம் இன்னொரு பல்லு இருக்கு. ஒழுங்கா பேரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறியா, இல்ல ரிபுகிட்ட இப்பவே சீட்டுச் சொல்லிடவா?" என்று கேட்டுவிட்டு உள்ளே நடந்தாள்.

சாக்கைக் காலால் கதவுக்குப் பின்னால் தள்ளினான்.

"சுபாங்."

சட்டென்று திரும்பினாள். வீங்கிய கன்னத்தோடு, கல்யாணத்துக்கு முன் பார்த்த அதே சிரிப்பு. இத்தனை வருடமாக அந்தச் சிரிப்பு யாருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது என்று லியானுக்கு அப்போதுதான் உறைத்தது.